முதுமையில் உணவும் மூளையும்

தேனி மாவட்டத்துச் சின்னமனூருக்கு அண்மையில், சுரபி நதியின் கரையில், குச்சனூர் என்னும் ஊர் உள்ளது. சனீஸ்வரர் தாமே தோன்றி எழுந்தருளிய தலம் என்று மக்கள் போற்றும் ஊர் அது. ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ அன்பர்கள் வந்து கூடுவர், எள்ளும் நல்லெண்ணெயும் கொணர்ந்து விளக்கேற்றுவர், காக்கைக்குச் சோறிடுவர். கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்து வளர்ந்த எனக்கு அது வேற்றூர் அன்று. என் தந்தையாரின் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

முதியோர் உண்ணும் உணவுக்கும் அவர்தம் மூளையின் நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி இன்று பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இதனை மருத்துவ நூலிலிருந்து தொடங்காமல் என் அத்தையாரின் அடுக்களையிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவத் தொழில் புரிந்த நான், இந்தப் பாடத்தை அங்கேதான் கற்றேன். அதுவும் சற்றுக் காலந்தாழ்ந்தே கற்றேன்.

என் அத்தையார் கைப்பக்குவத்துக்குப் பெயர் பெற்றவர். மொச்சைக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவுக்கு நான் அங்கே செல்வதுண்டு. அவர் சமைத்து முடித்ததும் முதற்பிடிச் சோற்றைக் காக்கைக்கு வைப்பார். அடுத்து ஆண்கள், குழந்தைகள், விருந்தினர், வயல்வேலைக்கு வந்தவர்கள், மருமகள்மார் என்று ஒவ்வொருவராக உண்டு எழுவோம். அதன் பின்னர் அவர் என்ன உண்டார் என்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை, கேட்டதும் இல்லை.

அவருக்கு 72 வயதானபோது சில மாறுதல்கள் தோன்றின. குழம்புக்கு இட்ட உப்பையே மறுபடியும் இட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார். பேரனை மகன் பெயரால் அழைத்தார். ஒருபோதும் கடிந்து பேசாதவர் சிறு பிழைக்கெல்லாம் சினந்தார். அந்தி வேளையில் காரணமின்றி அழுதார். இருட்டில் நடந்தால் தள்ளாடினார். உள்ளங்கால் எரிகிறது என்று இரவில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். ஊரார், "ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, கோயிலுக்கு அருகிலேயே இருந்தும் விட்டபாடில்லை" என்றனர். மருத்துவனாகிய நானோ, "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும்" என்றேன். இப்போது நினைத்துப் பார்க்கையில், ஊரார் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மேற்கொண்டு ஆராயாமல் இருப்பதற்கு இரண்டுமே வசதியாக அமைந்தன.

அவ்வாண்டு ஆடிச் சனிக்கிழமையன்று உண்டு முடித்து வண்டியேறும் வேளையில் என் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே சென்றேன். அடுக்களையில் அத்தையார் தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். தட்டிலே வெறுஞ் சோறு. அதன்மேல் நீராய்க் கரைத்த மோர். ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். பாத்திரங்கள் எல்லாம் வழித்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"அத்தை, இதுதானா உங்கள் சாப்பாடு?" என்றேன்.

"எனக்கு இது போதும் மருமகனே. பல்லும் இல்லை, பசியும் இல்லை" என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தேன். மாமா மறைந்ததிலிருந்து, அதாவது 11 ஆண்டுகளாக, மீனும் முட்டையும் இறைச்சியும் அவர் தொடுவதில்லை. வீட்டிலே இரண்டு பசுக்கள் இருந்தன. ஆனால் பாலெல்லாம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விடும். மிஞ்சியது காலைக் காப்பிக்குச் சில துளிகள். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஒன்பது ஆண்டுகளாகத் தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். நாக்கைக் காட்டச் சொன்னேன். சிவந்து வழவழவென்று இருந்தது. மாணவனாக இருந்தபோது நான் மனப்பாடம் செய்த குறிகள் எல்லாம் என் கண்முன் இருந்தன. மறுநாள் இரத்தத்தைச் சோதித்ததில் பி12 என்னும் உயிர்ச்சத்து மிகமிகக் குறைந்திருப்பது தெரிந்தது.

நேயர்களே, இந்த உயிர்ச்சத்தைப் பற்றிச் சிறிது விளக்கமாகக் கூற வேண்டும். மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் இது நூற்றுக்கு 2 பங்குதான். ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுள்ள உறையைப் போல, கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. அந்த உறை பழுதின்றி இருக்கவும், இரத்தச் சிவப்பணுக்கள் முறையாக உருவாகவும் பி12 வேண்டும். நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்றே கூடுதல். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு கிட்டாமற் போனாலும் நரம்பு நலியும், நினைவு மங்கும், மனநிலை மாறும், நடை தடுமாறும்.

இதன் வரலாறு சுவையானது. ஒருவகைக் கொடிய சோகை நோயினர்க்கு ஈரலை உணவாகக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்பதை அமெரிக்க நாட்டு மருத்துவர்களாகிய மைனாட்டும் மர்பியும் 1926-இல் வெளியிட்டார்கள். 1934-இல் விப்பிள் என்பவரோடு சேர்த்து அவர்கட்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஈரலில் மறைந்திருந்த அந்தப் பொருளை 1948-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். செந்நிறப் படிகமாக இருந்த அதன் அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களின் துணையால் 1956-இல் தெளிவுபடுத்தினார். 1964-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசும் பெற்றார்.

பி12 தாவர உணவுகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. எள்ளும் கீரையும் பருப்பும் எவ்வளவோ நலம் தருவன; எனினும் இந்த ஒரு சத்துக்கு அவற்றை நம்ப இயலாது. உண்டால் மட்டும் போதாது. உணவிலிருந்து அது பிரிவதற்கு இரைப்பையின் அமிலம் வேண்டும். முதுமையில் பலர்க்கு அந்த அமிலம் குறைகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர்க்குக் குடல் இச்சத்தை ஏற்பதும் குறைகிறது. இத்தனைக்கும், ஈரலிலே பல ஆண்டுகட்குப் போதுமான இருப்பு இருப்பதால், குறை உடனே வெளிப்படுவதில்லை. உணவு மாறிய ஆண்டை வீட்டார் மறந்துவிட்ட பிறகே நோய் தலைகாட்டும். என் அத்தையாரின் நிலையில் இக்காரணங்கள் எல்லாம் ஒருங்கே கூடியிருந்தன.

அவருக்கு ஊசிமருந்து தொடங்கினோம். முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரந்தோறும், பிறகு மாதந்தோறும். மூன்று மாதம் கழித்துச் சென்றபோது வாசலிலேயே என்னைப் பார்த்து, "இந்தத் தடவையாவது கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ" என்றார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! எனினும் உண்மையை மறைக்கலாகாது. இழந்தது எல்லாம் திரும்பவில்லை. உள்ளங்கால் மரமரப்பு இறுதிவரை நீங்கவில்லை. சில பெயர்கள் அவர் நாவுக்கு வரவேயில்லை. நரம்பு நெடுநாள் நலிந்துவிட்டால் மருந்து முழுப்பயன் தருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகட்கு முன்னமே நான் அந்த அடுக்களைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

முதுமையில் வரும் மறதிக்கெல்லாம் இதுவே காரணம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்சைமர் எடுத்துரைத்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய்தான் மறதி நோய்களில் முதன்மையானது. அதனை அடுத்தது, மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோய்க்கு ஆட்பட்டிருக்கின்றனர். ஆல்சைமர் நோயை நீக்கும் உணவு எதுவும் இல்லை. ஆயினும், 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களை ஆராய்ந்து, அவை யாவும் நீங்கினால் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரையில் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று மதிப்பிட்டது. காது மந்தம், கண்பார்வைக் குறைவு, தனிமை, கல்வியின்மை, புகை முதலியன அவற்றுள் அடங்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடற்பருமன் ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்த நான்கும் நம் தட்டோடு நேரே தொடர்பு உடையன.

நம் பள்ளத்தாக்கின் தட்டை எடுத்துக்கொள்வோம். பென்னிகுயிக் துரை கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பெற்றது. அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. நெல் செழித்தது, வறுமை தணிந்தது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால் கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும் உண்ட வீடுகளில் தீட்டிய வெள்ளையரிசியே மூவேளையும் இடம்பிடித்தது. காலையில் இட்டிலி, பகலில் சோறு, இரவில் தோசை. பெயர் மூன்று, பொருள் ஒன்று. ஏர் உழுது நாற்று நட்டவர்க்கு அது செரித்தது. வயலை விட்டு இருக்கையில் அமர்ந்த நமக்கு அதுவே சுமையாகிறது.

21 நாடுகளில் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சென்னை மருத்துவர் வி. மோகனும் அதில் பங்குகொண்டார். நாள்தோறும் 150 கிராமுக்குக் குறைவாகச் சோறு உண்போரைவிட, 450 கிராமும் அதற்கு மேலும் உண்போர்க்கு நீரிழிவு மிகுதியாக வந்தது. தெற்காசிய மக்களிடம் அவ்வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. நீரிழிவு, கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது போலவே மூளையின் நுண்ணிய குழாய்களையும் கெடுக்கும். ஆதலின், சோற்றை அறவே விலக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, குறைந்த இடத்தைப் பருப்பாலும் மொச்சையாலும் காய்கறியாலும் கீரையாலும் நிரப்புங்கள் என்கிறேன்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ளவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவேயாகும். குழம்பில் அளந்து போட்டுவிட்டு, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேறு சேர்த்தால் கணக்குத் தப்பிவிடும். பல்லும் பசியும் குறைந்த முதியவர்கள்தாம் மோர்ச்சோற்றுக்கு ஊறுகாயை மிகுதியாகத் தொட்டுக்கொள்கிறார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் பெரும்பாலும் அவர்களே.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நினைவாற்றலை வளர்க்கும் என்று கடைகளில் மாவும் மாத்திரையும் விற்கிறார்களே, அவற்றை வாங்கலாமா? 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதற்குத் தெளிவான விடை தந்தது. மறதி நோயைத் தடுப்பதற்கென்று உயிர்ச்சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டா என்பதே அவ்விடை. சத்துக் குறைபாடு உள்ளவர்க்கு மருந்து உயிரைப் போன்றது. குறைபாடு இல்லாதவர்க்கு அது வீண் செலவு. குறை உண்டா இல்லையா என்பதை இரத்தச் சோதனை காட்டிவிடும்.

உணவின் பயனைப் பற்றியும் மிகைபடக் கூறலாகாது. பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு ஈராண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய நான்கையும் சேர்த்துக் கைக்கொண்டவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட மேம்பட்டது. ஆனால் 2023-இல் அமெரிக்காவில், மூளைக்கென்றே வகுத்த ஓர் உணவுமுறையை 604 பேரைக் கொண்டு மூன்றாண்டுகள் சோதித்தபோது, சாதாரணமாக உணவைச் சற்றுக் குறைத்தவர்களைவிட அவர்கள் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. இதிலிருந்து நாம் பெறுவது என்ன? ஒரு கனியோ ஒரு கீரையோ மந்திரம் செய்துவிடாது. உணவும் நடையும் உறவும் மருத்துவமும் கூடியே பயன் தரும்.

மேலைநாட்டார் புகழும் உணவுமுறையில் காய்கறி, கனி, பயறு, கொட்டைப் பருப்பு, மீன், ஒலிவ எண்ணெய் ஆகியன உள்ளன. இவற்றைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் மண்ணில் மொச்சை விளைகிறது, நிலக்கடலை விளைகிறது, வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது, வாழையும் திராட்சையும் நம் தோட்டத்துச் செல்வங்கள். நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் அளவோடு கொள்ளலாம். கீரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தின் அருமையை உலகம் அறிந்ததற்கு நம் நாடே களமாக இருந்தது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் அம்மையார், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தபோதே அதன் தடயம் கிடைத்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பி12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் சோகை நீங்கிவிடும், நரம்பின் சிதைவோ உள்ளுக்குள் தொடரும். மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்யவேண்டா.

இனி, வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்குச் சில சொற்கள். முதியவர் குறைவாக உண்பது இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரக நோய் இல்லாதவர்க்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவிலேனும் புரதம் வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நொறுக்கப் பல் இல்லாதவர் என் செய்வார்? குழைய வேகவைத்த பருப்பு, கீரை மசியல், முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, கெட்டித் தயிர் என்று மெல்லியனவற்றைக் கொடுங்கள். புலால் உண்ணாதவர் வீட்டில் பாலும் தயிரும் முதியவரின் பங்காக முதலில் எடுத்து வைக்கப்படட்டும்; விற்பனை அதன் பிறகு. முதுமையில் தாகம் தோன்றுவது குறையும். நீர் வற்றினால் ஒரே நாளில் சித்தம் கலங்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று பிதற்றினால், வயதின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே எத்தனையோ முதியவர்க்கு நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வீடு தேடி வந்தன. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உண்போர், பி12 அளவையும் சோதித்துக்கொள்வது பற்றித் தம் மருத்துவரைக் கேட்பது நன்று.

என் அத்தையார் அதன் பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். மீனை அவர் திரும்பவும் தொடவில்லை. அது அவருடைய விரதம், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் காலையும் மாலையும் ஒரு குவளைப் பால், பகலில் கெட்டித் தயிர், மாதம் ஒருமுறை ஊசி என்று ஒப்புக்கொண்டார். பந்தியில் முதலில் அமரவேண்டும் என்று நாங்கள் சொன்னபோது மட்டும் வெகுநாள் மறுத்தார். "எல்லாரும் சாப்பிடாமல் எனக்கு எப்படி இறங்கும்?" என்பார். கடைசியில் மூத்த மருமகள் ஒரு வழி கண்டார். காக்கைக்கு முதற்பிடி வைத்துவிட்டு அத்தையார் திரும்பும்போது, அவருக்கும் தமக்குமாக இரண்டு தட்டுகளைப் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கிறது அத்தை, நீங்கள் உட்கார்ந்தால்தான் நான் உட்காருவேன்" என்று நின்றார். அன்றுமுதல் அவ்வீட்டுப் பெண்கள் தனியே உண்டதில்லை.

நேயர்களே, இவ்வுரை முடிந்ததும் உங்கள் வீட்டில் இரவுச் சமையல் நடக்கும். அங்கே வயது முதிர்ந்த தாயோ, அத்தையோ, பாட்டனாரோ இருப்பார்கள். அவர்களிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இன்று அதனோடு, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றும் கேளுங்கள். விடையைக் கேட்டுவிட்டு, அவர்கள் தட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.